பச்சைச் சாறியும் திருத்திய படமும்

சண்டை நடக்கிற நேரத்தில் கொழும்பில் உனக்கு என்ன அலுவல் என்று கேட்காத ஆள் இல்லை. தம்பிக்குப் பெண் பார்க்கப் போனேன். 2007 ஓகஸ்ட், வேலையில் இரண்டு கிழமை லீவு. லண்டனில் இருந்து போய்வர ரிக்கற் 540 பவுண். இதே அலுவலாக இந்தக் காலத்திலும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கடற்கரை, யானை, சூரியன் மறைகிற படம் தேடி வந்தவர்கள் வேறு பக்கம் பார்க்கவும்.

முதலில் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. பாலனுக்கு வயது முப்பத்தாறு, பெற்றோல் நிலையம் ஒன்றில் காசாளர். இருபது வயதில் தோல் அங்கங்கே வெளுக்கத் தொடங்கியது. இப்போது உதடு, கண்ணைச் சுற்றி, இரண்டு கை எல்லாம் வெள்ளை. ஊரில் வெண்குட்டம் என்பார்கள். பெயரில்தான் குட்டம். தொற்றாது, நோகாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கடைக்கு வருகிற சனம் சில்லறையை அவன் கையில் வைக்காது, மேசையில் வைத்துத் தள்ளிவிடும். அவன் கோடையிலும் கையுறை போட்டுக்கொண்டுதான் திரிவான். வெள்ளைப் பெண் வேண்டும், வெள்ளைப் பெண் வேண்டும் என்று தேடுகிற குடும்பம் எங்களுடையது. அவனுக்கு வந்த வெள்ளைதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

முன்பு பேசிய இரண்டு சம்பந்தமும் ஆளை நேரே கண்டவுடன் குழம்பிப் போயின. அதனால் இந்தமுறை அம்மா ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் படத்தைத் திருத்துவித்தார். முகம் முழுக்க ஒரே நிறம், வாய் இறுக்கி மூடியபடி. பார்த்தால் பாலனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் யாரோ மாதிரி இருந்தது. "வாயைத் திறக்காதை. கலியாணம் முடிஞ்சாப் பிறகு எல்லாம் பழகிப்போகும்" என்பது அம்மாவின் கட்டளை. பாலன் அகதி அந்தஸ்தில் இருப்பவன், இலங்கைக்குப் போகமுடியாது. கலியாணம் சென்னையில் என்று பேச்சு. அப்படியென்றால் பெண் அவனை முதல்முதல் காண்பது கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தி, இரண்டு பக்கத்துச் சனமும் கூடி நிற்கிற இடத்தில். அங்கே அவளுடைய முகம் மாறினால் பாலன் என்ன ஆவான்? அப்படியிருந்தும் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வெள்ளவத்தைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். வான் 2,800 ரூபா. சோதனைச் சாவடிகளில் மறித்து மறித்து விட்டதில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பாஸ்போட்டைச் சூட்கேசுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், நான் அந்த வேலை செய்து வெயிலில் ரோட்டோரம் சூட்கேசை விரித்தவள். தங்கியது கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் உள்ள லொட்ஜ். விசிறி அறை ஒரு நாளைக்கு 1,500 ரூபா. கொழும்பில் தங்குகிற தமிழருக்கு வேண்டிய பொலிஸ் பதிவை லொட்ஜ்காரரே கூட்டிப்போய்ச் செய்து தருவார், அதை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்குத் தரகரைப் பார்க்கப் போனேன். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்தால் கோட்டைக்குப் போகும், அங்கிருந்து ஓட்டோ. வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஒவ்வொருவருடைய படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து ஏற்றினார்கள். என் பாஸ்போட் படம் எட்டு வருடம் பழையது. ஆமிக்காரர் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "நோனா கெட்டு வெலா" என்றார், மெலிந்துவிட்டீர்களாம். லண்டனில் இவ்வளவு வருடமும் ஒருவரும் சொல்லாத நல்ல வார்த்தை.

தரகர் மரியதாஸ் அண்ணை துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேதக்காரர், கிறிஸ்தவர். ஆனால் சைவக் குடும்பங்களுக்குத்தான் கூடுதலாகச் சம்பந்தம் பேசுகிறார். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் பெண்ணைக் கோயிலில் வைத்துத் தற்செயலாகக் கண்ட மாதிரிப் பார்ப்பது, பிடித்தால்தான் வீட்டுக்குப் போவது. வெள்ளவத்தைக் கோயிலில் பார்க்கலாமே என்றேன்.

"ஐயோ தங்கச்சி, அங்க வைச்சுப் பார்த்தா நாளைக்கே கனடா வரைக்கும் கதை போயிடும்" என்றார். "செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொச்சிக்கடை அந்தோனியாரிட்ட போங்கோ. பிள்ளை கிழமைக்குக் கிழமை தாயோட வாறவ. பச்சைச் சாறி உடுத்து வரச் சொல்லுறன்."

செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தையில் இருந்து ஓட்டோவில் போனேன், 400 ரூபா. ஓட்டோக்காரர் தெஹிவளை முஸ்லிம் ஒருவர். "செவ்வாக்கிழமை கொச்சிக்கடைக்கு எல்லாரும்தான் வாற, அக்கா. ஹிந்து ஆக்கள், சிங்கள ஆக்கள், எங்கட ஆக்களும் வாற" என்றவர், கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்தார். "நீங்க பொம்பிள பாக்கப் போறீங்க, என்ன?"

"எப்பிடித் தெரியும்?"

"கும்பிடப் போறவங்க இவ்வளவு நகை போட மாட்டாங்க."

இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேவாலய வாசலில் பையைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். வெளியே மெழுகுதிரி விற்பவர்கள் வரிசையாக இருந்தார்கள். அதில் ஒருவருக்கு வலது கையில் விரல்கள் இல்லை. வருகிற சனம் காசை அவர் விரித்திருந்த சாக்கில் போட்டுவிட்டு, திரியைத் தாங்களே எடுத்துக்கொண்டு அவசரமாக நகர்ந்தது. கண்ணாடி போட்ட, குட்டையான, நல்ல கறுத்த ஒரு பெண் மட்டும் குந்தியிருந்து, அவர் நீட்டிய மெழுகுதிரிக் கட்டை அந்தக் கையில் இருந்தே வாங்கினாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு மெழுகுதிரி வளைந்திருந்தது. போன கிழமையும் இதே வேலைதான் செய்தீர் என்று சிங்களத்தில் சண்டை பிடித்து, மாற்றித் தரச் சொன்னாள். அவரும் விடாமல் வாய் கொடுத்தார். அங்கே நின்றவர்களில் அந்த மனிதரோடு வியாபாரம் செய்தது அவள் ஒருத்திதான், மற்றவர்கள் தர்மம் போட்டார்கள். பாலனுக்கு இப்படி ஒருத்தி கிடைத்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. பட்டதோடு விட்டுவிட்டு, பச்சைச் சாறியைத் தேடி உள்ளே போனேன்.

உள்ளே பச்சைச் சாறி நின்றது, பக்கத்தில் தாய். நல்ல நிறம், நல்ல உயரம், இடுப்புக்குக் கீழே தலைமயிர். ஒரு தூண் ஓரம் நின்று அரை மணித்தியாலம் பார்த்தேன். அந்தோனியாரைப் பார்த்ததைவிட அவளைத்தான் கூடப் பார்த்தேன். வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் அம்மாவுக்குப் போன் அடித்து, "பிள்ளை வெள்ளை, உயரம், ஒரு குறையும் இல்லை" என்றேன். அம்மா அழுதே விட்டார்.

வியாழக்கிழமை மரியதாஸ் அண்ணையோடு வெள்ளவத்தையில் பெண் வீட்டாருடைய பிளாற்றுக்குப் போனேன். கதவைத் திறந்தது மெழுகுதிரிக்குச் சண்டை பிடித்த பெண். பெயர் வாசுகி, இருபத்தொன்பது வயது, மருதானையில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். தகப்பன் யாழ்ப்பாணத்தில், சண்டையில் பாதை பூட்டியதால் வரமுடியாமல் நிற்கிறார். அவளும் அன்று பச்சைதான் உடுத்திருந்தாளாம். குந்தியிருந்தவளின் சாறியை நான் கவனிக்கவே இல்லை.

என் முகம் போன போக்கை அவள் கண்டுவிட்டாள். "அக்கா மற்றப் பிள்ளையைத்தானே பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்? நான் ரெண்டு தரம் உங்களுக்கு முன்னால நடந்தும் பார்த்தனான், நீங்கள் திரும்பவே இல்லை" என்று சிரித்தாள். தாய் "வாசுகி!" என்று அதட்டினார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மரியதாஸ் அண்ணை அவசரமாகப் படத்தை எடுத்து நீட்டச் சொன்னார். தாய் பார்த்து, நல்ல வடிவான ஆள் என்றார். வாசுகி வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆள் எப்பிடி அக்கா?" என்று கேட்டாள். வேலை, விசா, வீடு என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் அண்ணை சொன்னவர். ஆள் எப்பிடி எண்டு கேட்டனான்."

இந்தப் பெண்ணைச் சென்னையில் ஒரு மண்டபத்தில், திடீரென்று பாலனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. கைப்பையில் இருந்த டிஜிற்றல் கமெராவை எடுத்தேன். ஹீத்ரோவில் எடுத்த படம் ஒன்று இருந்தது. என் சூட்கேஸ் பூட்டாமல் அடம்பிடிக்க, பாலன் அதற்கு மேலே ஏறி இருந்து, ஸிப்பை இழுப்பதற்காகக் கையுறையைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். "இதுதான் ஆள்" என்று கொடுத்தேன்.

"தங்கச்சி, இப்ப ஏன் இதை..." என்றார் மரியதாஸ் அண்ணை.

தாய் எட்டிப் பார்த்தார். "கடவுளே, வெண்குட்டமோ?" கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தொற்றாது என்றேன். பிறக்கிற பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டார். "வரலாம், வராமலும் விடலாம் அன்ரி. டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுகினம்" என்றேன். இனிப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

வாசுகி கமெராவைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஸ்டூடியோப் படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள்.

"இதை ஏன் முதல்ல தரேல்லை? மற்றதில ஆளே இல்லை. கடவுள் குடுத்த முகத்தை ஸ்டூடியோக்காரன் அழிச்சுப்போட்டான். இதில பாருங்கோ, என்ன மாதிரிச் சிரிக்கிறார்."

"உனக்கென்ன விசரோ?" என்றார் தாய்.

"அம்மா, கறுப்பு எண்டு என்னை எத்தினை பேர் பார்த்திட்டுப் போனவை? அண்ணையைக் கேளுங்கோ." அண்ணை விசிறியைப் பார்த்தார். வாசுகி என் பக்கம் திரும்பினாள். "நான் ஓம் எண்டு சொல்லேல்லை, அக்கா. எனக்கு அவரோட கதைக்கவேணும். முகத்தைப் பார்த்துக் கதைக்கவேணும். பிறகுதான் மற்றது."

அன்றே பாலனுக்கு அடித்தேன். படத்தைக் காட்டிவிட்டேன் என்றேன்.

"எந்தப் படம்?"

"சூட்கேசுக்கு மேல இருக்கிறது."

"அதில கையும் தெரியுமே."

"தெரியுது."

"ஏனக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று வைத்துவிட்டான். நான் லண்டன் வந்து சேரும்வரை பேசவில்லை. அம்மா இன்றுவரை சரியாகப் பேசவில்லை.

இதை எழுதுவது ஜனவரியில். ஒன்றும் முடிவாகவில்லை. தாய் இன்னும் சம்மதிக்கவில்லை, தகப்பனுக்கு யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருப்பது ஒன்றுதான். தம்பியின் கையில் காசு வைக்காத சனத்தை இவ்வளவு வருடமும் திட்டிக்கொண்டிருந்தவள், கொச்சிக்கடையில் ஒரு நல்ல மனுசியைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு தலைமயிரின் நீளம் அளந்தேன். கடவுள் ஒவ்வொருவரையும் ஒரு பெறுமதியோடுதான் அனுப்புகிறார் என்று வாயால் சொல்வது லேசு. பார்க்கத் தெரியவேண்டும். வாசுகிக்குத் தெரிந்திருந்தது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். தூணுக்குப் பின்னால் நிற்காதீர்கள், போய் இரண்டு வார்த்தை கதையுங்கள். திருத்திய படம் கொண்டு போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடையில் இருந்து திரும்ப ஓட்டோ கிடைப்பது பாடு, வந்த ஓட்டோவையே நிற்கச் சொல்லுங்கள். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நெற் கபேகள் நிறைய உண்டு, அரை மணித்தியாலம் 40 ரூபா. ஆனால் எல்லாவற்றிலும் கமெரா இல்லை, விசாரித்துப் போங்கள். ஞாயிறு பகல் ஒன்றரைக்குக் கூட்டம் குறைவு. பாலனோடு கதைக்க வாசுகி அந்த நேரம்தான் போகிறாள், லண்டனில் அப்போது காலை எட்டு. முதலில் பல கிழமை பாலன் கமெராவை மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கதைத்தான். அவள் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஏன் என்று கேட்காமல், கதைத்தாள்.

போன ஞாயிறு தேத்தண்ணி கொண்டு அறைக்குள் போனேன். வெளியே மழை இருட்டு. பாலன் கையுறை இல்லாமல் கமெராவுக்கு நேரே இருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"அக்கா, அந்த லாம்பை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவாங்கோ. அவவுக்கு என்ரை முகம் வடிவாத் தெரியேல்லையாம்."