கம்பளிப் பனை

சேலைக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. பட்டுப் புடவையைப் பிரித்துக் காட்டுவது, வேண்டாம் என்று போய்விட்டால் மறுபடி மடித்து வைப்பது. முகூர்த்த மாதம் வந்துவிட்டால் உட்கார நேரமிருக்காது. அப்படி நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் எனக்கு நிற்கிற வேலைதான். போனை என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கை தூக்க வராது, இடது கை நடுங்கும். அவர் கையில் கொடுத்தால் இங்கிலாந்தில் இருக்கும் மகளுக்கு எங்கள் வீட்டு மின்விசிறிதான் தெரியும். அதனால் நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல இருக்கும். எல்லாம் எதற்கு? ஒரு மரத்தைப் பார்ப்பதற்கு.

மகள் கல்யாணம் செய்துகொண்டது எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பையனை. வேறு சாதி, வேறு மதம். இவர் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரவில்லை. கத்தவில்லை, அடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். அவர்கள் வெளிநாடு போனது, வீடு வாங்கியது எல்லாம் என்னோடு நின்றுவிட்டது. நான் பேச்சை எடுத்தால் கொல்லைக்குப் போய்த் தென்னை மட்டையைக் கழிக்க ஆரம்பித்துவிடுவார். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு. நடுவில் கிடந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் மகள் கூப்பிட்டாள். நான் இவரிடம் கேட்கவே இல்லை, போனை முகத்துக்கு நேராக நீட்டிவிட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் போனைச் சன்னல் பக்கம் திருப்பினாள். வெளியே ஒரே வெள்ளையாகப் பனி கொட்டிக் கிடந்தது. அதன் நடுவே ஒரு மரம். பனை மாதிரி விசிறி ஓலை, தண்டு முழுக்கப் பழுப்பு நிறத்தில் முடி.

இவர் வாய் கோணிக்கொண்டே கேட்டார்.

"அது இன்னா மரம்?"

கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். போனைப் பிடித்துக்கொண்டே நான் அழுதேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மரப்பேச்சுத்தான். அது சீனாவில் மலைப்பக்கத்து மரமாம், பனி பெய்தால் சாகாதாம். குளிர்கூடப் பரவாயில்லை, குருத்தில் ஈரம் தங்கினால்தான் அதற்கு ஆகாது என்றாள். இவர் அதற்குக் கம்பளிப் பனை என்று பேர் வைத்தார். இதற்கு முன்னால் அவள் கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய பனை, வீட்டுக்குள் வைக்கிற சாதி. வெளியே வைத்த முதல் குளிரிலேயே கருகிவிட்டது. இன்னொரு சாதி இருக்கிறதாம், தண்டே தெரியாது, அடியெல்லாம் தையல் ஊசி மாதிரி முள், எப்பேர்ப்பட்ட குளிருக்கும் அசையாதாம். வேறொன்றின் ஓலை நீலம் பாய்ந்து வளைந்திருக்கும், தின்கிற மாதிரி பழம்கூட வைக்கும், ஆனால் வெயில் படுகிற சுவரோரம் வைத்தால்தான் பிழைக்கும். அடுத்தது எதை வைக்கலாம் என்று அப்பனும் மகளும் பேசுவார்கள் பாருங்கள், ஏதோ தோப்பே வாங்கப் போகிற மாதிரி.

வேறு ஒரு பேச்சு கிடையாது. அவள் அவருடைய கையைப் பற்றிக் கேட்க மாட்டாள். அவர் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். சில நாள் படத்தில் ஓர் ஆண்பிள்ளைக் கை வந்து, மரத்தைச் சாக்கு வைத்துச் சுற்றிக் கட்டும். மகளுக்காக மரத்தைத் தேடி வாங்கி வந்து நட்டதே அந்தக் கைதான். அந்தக் கை படத்தில் வந்தால் இவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்கு ஆத்திரமாக வரும். போனைப் போட்டுவிட்டுப் போகலாமா என்றிருக்கும். ஆனால் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

குளிர்காலம் முடிந்தும் குருத்து விரியவில்லை என்று ஒருநாள் மகள் சொன்னாள். இவர் முகம் மலர்ந்துவிட்டது. தென்னேரிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் வளர்ந்தவர். இங்கே தென்னங்குருத்தை வண்டு குடைந்தால் உப்பும் மணலும் கலந்து மட்டை இடுக்கில் போடுவார்கள். எங்கள் கொல்லை மரங்களுக்கும் வருஷா வருஷம் போடுவார்.

"உப்பும் மணலும் சரிபாதி கலந்து குருத்தாண்ட கொட்டும்மா," என்றார். அதிகாரமாகத்தான் சொன்னார்.

அவளும் கொட்டினாள். அது தினமும் தூறுகிற ஊர். மணல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது, உப்பு குருத்தை எரித்தது. சில வாரம் கழித்து நான் கடையில் சாப்பாட்டு நேரத்தில் இருக்கும்போது எனக்கு மட்டும் கூப்பிட்டு அழுதாள். குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டதாம், ஒரே நாற்றமாம். எனக்கு வந்த கோபத்துக்கு, குருத்தில் ஈரம் ஆகாது என்று நீதானேடி சொன்னாய், உன் வீட்டுக்காரராவது தடுக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"அவரு வேணாம்னுதாம்மா சொன்னாரு. எனக்கும் தெரியும். ஆனா அப்பா எனக்கு ஒரு வேல சொல்லி எத்தினி வருஷமாச்சி?"

மரம் போய்விட்டது தெரிந்தால் அப்பா மறுபடி வாயை மூடிக்கொள்வார், சொல்லாதே என்றாள். எனக்கும் அதே பயம்தான்.

அதற்கப்புறம் அவள் தண்டையும் அடி ஓலையையும் மட்டும் காட்டுவாள். பழைய ஓலை கொஞ்ச நாள் பச்சையாகத்தான் இருந்தது. குருத்தைக் காட்டு என்பார் இவர். மழை பெய்கிறது என்பாள், போனில் சார்ஜ் இல்லை என்பாள். பொய் அவளுடையது, அதைத் தூக்கிப் பிடிப்பது நான். அலுத்துவிட்டது எனக்கு. பிறகு இவர் குருத்தைக் கேட்பதையே விட்டுவிட்டார். நோவில் மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வழக்கம்போலத் தண்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். "போதும்மா, உன் மூஞ்சக் காட்டு," என்றார் இவர். அவள் திருப்பினாள்.

"மரம் செத்துப்போச்சி. எனக்கு எப்பவோ தெரியும். நான் பாக்காத மரமா? உப்பு போடச் சொன்னவன் நான்தான்."

அவள் அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத. மரம் இல்லன்னு நீ போன் பண்ணாத இருந்துடுவியோன்னுதான் நானும் கேக்காம இருந்தேன்."

இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். இதோடு பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று பார்த்தேன்.

"மாப்பிள்ளையக் கூப்புடு," என்றார்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அவள் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பார் போல, ஈரக்கையோடு வந்து நின்றார் அந்தப் பிள்ளை. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை அவருக்கு.

"மாமா," என்றார்.

"நீங்க வெச்ச மரத்த நான் கெடுத்துட்டேன்."

"அதுக்கென்ன மாமா, வேற வைக்கலாம். எது வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க."

இவர் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் அவரையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நீங்களே பாத்து வைங்க, மாப்பிள்ளை. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

என் தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. கை மாற்றினால் படம் ஆடிவிடும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.