நோய்க்கு முந்தைய அடிகள்

பித்தளைச் சொம்பு அத்தையின் நெற்றியில் மோதிய ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. காலை எட்டு மணி. நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் மாமனார், "ஆருடி நீ? எம்பட ஊட்டுக்குள்ள எப்படி வந்த?" என்று கத்திக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து ஆண்டுகள் தன்னோடு வாழ்ந்த மனைவியை, என் அத்தையைத்தான் அப்படிக் கேட்டார். நான் ஓடிப்போவதற்குள் அத்தை சுவரோரம் சரிந்திருந்தார். புருவம் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மாமனார் விடவில்லை. கூந்தலைப் பற்றி இழுத்துத் தலையைச் சுவரில் மோதினார். நானும் என் கணவரும் சேர்ந்துதான் அந்த விரல்களைப் பிரித்தோம்.

மாமனார் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து, மாநிலம் மாநிலமாகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். இரும்புக் குழாய்களைத் தூக்கிப் பழகிய கைகள் எழுபதிலும் தளரவில்லை. நினைவுதான் தளர்ந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு வழிகள், கடைசியாக மனிதர்கள். அல்சைமர் என்று சேலத்து நரம்பியல் மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தையல் போட்ட மறுநாள், மாமனாரை அவர் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு, நாங்கள் மூவரும் அதே மருத்துவரிடம் போனோம். அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். மூளையின் நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் கட்டி கட்டியாகப் படிகிறது. உள்ளே, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது. ஒன்று மற்றொன்றை மோசமாக்குகிறது. எது முதலில் தொடங்குகிறது என்று இன்னும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆற்றல் குன்றி செல்கள் சாகும்போது ஆளை அடையாளம் காணவும் கோபத்தை அடக்கவும் முடியாமல் போகிறது.

"ஆளைத் தெரியாம, பயத்துல அடிக்கறாருங்கம்மா. வேணும்னு செய்யறதில்லை" என்றார்.

நான் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. ஆண்டுதோறும் கரும்பலகையில் மைட்டோகாண்ட்ரியாவை வரைகிறவள். அந்த விளக்கம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்போது அத்தை தன் இடக்கையை மேசைமேல் வைத்தார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. மறு கையால் மகனைக் காட்டினார்.

"இவன் வகுத்துல இருக்கறப்ப ஒடிச்சதுங்க. கொழம்புல உப்புப் பத்தலைன்னு. அப்பவும் அந்தப் புரதம் அவரு மண்டைக்குள்ள இருந்துச்சுங்களா?"

அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது படியத் தொடங்கலாம் என்று நான் படித்திருக்கிறேன். மருத்துவர் அதைச் சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அவர் பேனாவை மூடினார்.

"அந்த வயசுல இருந்திருக்காதுங்கம்மா. அது நோய் இல்லை."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். மூடிய கதவுக்குப் பின்னால் அடி விழும்போது மிக்சியை ஓடவிட்டவள் நான். மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவள். மறுநாள் வீங்கிய முகத்தோடு அத்தை போட்ட சோற்றைத் தின்றவள். நோய் என்ற சொல் கிடைத்ததும் அத்தனை அடிகளையும் அதன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அத்தை எங்களோடு வீடு திரும்பவில்லை. "வேலூர்ல எந்தம்பி ஊட்டுக்குப் போறேன் சாமி. அவரை இனி நீங்க பாருங்க" என்று பரமத்தி வேலூர் பேருந்தில் ஏறினார்.

மாமனாரைக் கவனிக்க ஓர் ஆளை வைத்தோம். அவரையும் அடித்தார். சோறு ஊட்டப்போன என் விரலை எலும்பு தெரியக் கடித்தார். மருந்து கொஞ்சம் அடக்கியது. கடைசி மாதங்களில் கையைத் தூக்கவே மறந்துபோனார்.

போன தை மாதம் இறந்தார். அத்தை வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். மாமனாரின் தம்பி அழுதபடியே, "எங்கண்ணன் தங்கமான மனுசன். அந்தப் பாழாப்போன நோவுதான் அவரைக் கை நீட்ட வெச்சுருச்சு" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க மாமா" என்றேன். "நான் கல்யாணமாகி வந்த மூணாம் மாசம் அத்தைக்குப் பல்லு விழுந்துச்சுங்க. அடிச்சுப்போட்டு உக்காந்து சோறு உண்டாருங்க. அன்னிக்கு அவரு தெளிவாத்தான் இருந்தாரு."

என் கணவர் எழுந்து என் பக்கம் வந்தார். முகம் சிவந்து, முஷ்டி இறுகியிருந்தது. என்னையறியாமல் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். என் கையையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு தன் அம்மாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"ஆமாங்க சித்தப்பா" என்றார். "நான் பாத்துக்கிட்டேதான் வளந்தேன்."