லோர்னா திருகிய குமிழ்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் லோர்னாவும் நானும் இருபத்தாறு வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறோம். தேர்தல் வந்தால் தொலைக்காட்சிக்காரர்கள் எங்களைத்தான் பிடிப்பார்கள். நாங்கள் இன்னும் முடிவெடுக்காதவர்களாம்!

அன்று கட்சி வேட்பாளராக ஆசைப்படும் ஏழு பேரின் விவாதம். எங்களை நூலகத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்காரவைத்து, ஆளுக்கொரு குமிழைக் கொடுத்தார்கள். பேச்சு பிடித்தால் வலப்பக்கம் திருக வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம்.

லோர்னாவின் குமிழ் ஒரு மணி நேரமாக நடுவிலேயே நின்றது.

"ஏண்டி, தூங்கிட்டியா?" என்றேன்.

"கேட்டுட்டுத்தான் இருக்கேன். அதான் கை வரல."

அப்போது வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெண் வேட்பாளரைப் பக்கவாட்டில் காட்டினார்கள். அவர் குதிகால் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தால் மறு பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, கால் கடுக்குது போல!" லோர்னா குமிழை வலப்பக்கம் கடைசிவரை திருகினாள். நானும் திருகினேன்.

மறுநாள் எங்கள் குமிழ்க் கணக்கைப் பார்த்த ஒரு நிபுணர், வரித் திட்டம் உழைக்கும் பெண்களின் மனதைத் தொட்டுவிட்டது என்று தொலைக்காட்சியில் அடித்துச் சொன்னார்.

போன வாரம் அந்த அம்மாள் எங்கள் ஊருக்கே வந்து, இரண்டு மணி நேரம் நின்றபடி வரியைப் பற்றியே பேசினார்.

"என்னடி சொன்னாங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்?" என்றாள் லோர்னா. "செருப்பைக் கழட்டவே இல்ல. கால் வீங்கியிருந்துச்சு."