மாலினியின் நெருப்பு இன்னும் உடையவில்லை

இன்று பேத்தி மாலினியோடு பிரிக்பீல்ட்ஸ் சைபர் கஃபேக்குப் போனேன். வெளிநாட்டில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள், லீவில் வந்திருக்கிறாள்.

அவள் படிப்பது சூரியனைப் போல எரிகிற உலையைப் பற்றியாம். உள்ளே காந்தத்தால் கட்டி வைத்த நெருப்புக்குப் பிளாஸ்மா என்று பேர். சில நேரம் அது திடீரென்று உடைந்து சுவரில் மோதிவிடும். அதைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பதுதான் என் பேத்தியின் ஆராய்ச்சி!

காலேஜ் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு வந்த கணக்கின் முடிவை இங்கே திரையில் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

"இன்னும் உடையல, பாட்டி."

"நல்லதுதானே கண்ணு?"

"ஐயோ! நெஜ மெஷின்ல உடைஞ்சிருச்சு பாட்டி. என்னோடதும் அதே மாதிரி உடைஞ்சாத்தான் கணக்கு சரி. அப்பத்தான் அடுத்த தடவை முன்னாடியே சொல்லி மெஷினைக் காப்பாத்தலாம். இந்த மாசமும் உடையலன்னா ஸ்காலர்ஷிப் நின்னுரும்."

"அப்ப உடையட்டும் லா!" என்றேன் சத்தமாக.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஆன்டி, என் கம்ப்யூட்டரை மட்டும் விட்டுருங்க."

மாலினி சிரிக்கவில்லை. கிள்ளானுக்குப் போகும் பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் படிக்கப் போனதிலிருந்து வெள்ளிதோறும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, "என் பேத்தியோட நெருப்பு உடையாம பாத்துக்கப்பா" என்று வேண்டி வருவது நான்தான். அவரும் தட்டாமல் கேட்டுவிட்டார் போலிருக்கிறது.

நாளை வெள்ளிக்கிழமை. வைத்த வேண்டுதலைத் திரும்ப வாங்கியவர்கள் இதைப் படிக்கிற நம் குழுவில் யாராவது இருந்தால், மாலினிக்குத் தெரியாமல் எனக்கு வழி சொல்லுங்கள்.