பனிக்குள் தூங்கும் அணில்

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து என் மனைவி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது, நான் செய்த முதல் காரியம் அவள் தலையில் கம்பளித் தொப்பியை மாட்டியதுதான். குளிரான கேமரன் மலைக்குப் போனபோது வாங்கிய தொப்பி. கட்டிலுக்கு மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. தலையில் காற்றுப் படக்கூடாது என்றுதானே நம் வீடுகளில் சொல்வார்கள்? போதாததற்கு நெற்றியில் தைலமும் தேய்த்துவிட்டேன்.

டாக்டர் சின்ன வயசு, நம் தமிழ்ப் பிள்ளை. வந்ததும் தொப்பியைக் கழற்றினாள்.

“அங்கிள், காய்ச்சல் ஏறுது. இப்ப மூளைக்குச் சூடு ஆகாது லா.”

“குளிர் பட்டு ஜன்னி வந்துட்டா?”

“பனி தேசத்துல ஒரு அணில் இருக்கு அங்கிள். குளிர்காலம் பூரா மண்ணுக்குள்ள தூங்கும், உடம்பு ஐஸ் மாதிரி. மூளைக்கு ரத்தம் கொஞ்சம்தான் போகும். ஆனா மூளை சாகாது. நரம்போட நுனியெல்லாம் சுருங்கிக்கும், முழிச்சதும் திரும்ப வளந்துடும்.”

“அதை இவளுக்கும் பண்ணலாமேம்மா?”

“எப்படின்னுதான் தேடுறாங்க. இன்னும் மருந்து வரல.”

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அவள் சொன்னதில் அணிலை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டபடி, அந்த அணில் எழுந்திருக்காமலே போவதும் உண்டா என்று பயந்தேன்.

என் மனைவி விழித்தாள். என்னைப் பார்த்து, “அண்ணே, தண்ணி கொடுங்க” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை “என்னங்க” என்று கூப்பிட்டவள்.

டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மீன் பெயர்கள் வந்தன. பக்கத்து வீட்டு அக்காவோடு பழைய சண்டைகூட வந்துவிட்டது. நான் மட்டும் அண்ணனாகவே இருந்தேன்.

ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிளை எடுக்குமுன் அந்தத் தொப்பியை மாட்டினேன். அவள் எட்டி அதைப் பிடுங்கினாள்.

“இந்த ஊருல கம்பளித் தொப்பியா? சரியான பயந்தாங்கொள்ளிண்ணே நீங்க!”

சிரித்தாள். பயந்தாங்கொள்ளி, அவள் எனக்கு வைத்த பெயர்தான். சிரிப்பும் அவளுடையதேதான். அந்த ஒரு “என்னங்க” மட்டும் எந்தப் பனிக்குள்ளோ இன்னும் தூங்குகிறது. அடுப்படியில் அவள் குரல் கேட்டால், எனக்காக இருக்குமோ என்று இன்றும் எழுந்துவிடுகிறேன்.