மேல்மாடிக்காக ஓர் ஊர்வலம்

ஈரச் சுண்ணாம்பும் பழைய ரப்பர்ப் பந்தும் கலந்த ஒரு மணம் இருக்கிறது. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறை எதையாவது திறக்கும்போது அது மூக்கில் ஏறினால் போதும், எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிடும். பலேர்மோவில், துறைமுகத்துக்கும் பொலித்தியாமா சதுக்கத்துக்கும் நடுவில் இருக்கிற போர்கோ வெக்கியோவில் நான் படித்த ஆரம்பப் பள்ளியின் பின்புறத்தில், விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறையைக் கழுவி மேசை போட்டு, ஒரு செப்டம்பரில் எங்களுக்கு வகுப்பறை ஆக்கினார்கள். எங்களுக்கு என்றால் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழரின் பிள்ளைகளுக்கும், வங்காளப் பிள்ளைகளுக்கும், கானா நாட்டுப் பிள்ளைகளுக்கும். இத்தாலியப் பிள்ளைகள் எல்லாரும் மேல்மாடியில்.

எங்களுக்கு மொழி போதாது என்று காரணம் சொன்னார்கள். நான் பிறந்ததே இந்த ஊர் ஆஸ்பத்திரியில். சந்தைக்காரரின் சிசிலியப் பேச்சில் நான் ஏசத் தொடங்கினால் ஆசிரியைக்கே பாதி விளங்காது. இருந்தும் எனக்கு மொழி போதவில்லையாம்! வேறு வாசல், வேறு இடைவேளை. முதல் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் இருந்த ஜூசி மேலே ஜன்னலில் நின்று கையாட்டுவாள். நான் கீழே முற்றத்தில் நின்று கையாட்டுவேன். முதல் சில நாட்கள் அது விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு கையைத் தூக்கவே எனக்கு மனம் வரவில்லை.

பெரியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் இருந்தது: "வந்த இடத்திலை சத்தம் போடாமல் இருந்திட்டுப் போவம்." அதில் நியாயமும் இருந்தது. அப்பாவுக்குக் கப்பல்களில் துப்புரவு வேலை, அதுவும் கோடையில் மட்டும். அம்மா பெரிய வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அந்த ஊர்ச் சீமாட்டி ஒருவரின், வீட்டில் வேலை செய்தார். அந்த வேலை இருந்தால்தான் எங்கள் மூவருக்கும் "பெர்மெஸ்ஸோ", இந்த நாட்டில் இருக்கும் அனுமதி, புதுப்பிக்கப்படும். வேலை போனால் அதுவும் போய்விடும்.

சத்தம் போட்டவர் ஜூசியின் அம்மா நுன்சியா. சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர். அவித்த உருளைக்கிழங்கையும் போஞ்சியையும் ஆவி பறக்க அள்ளிக் கொடுத்தபடியே தெருவின் அடுத்த முனையில் நிற்பவரோடு கதைக்கக்கூடிய தொண்டை. மகள் சாப்பிடாமல் அழுகிறாள் என்றதும், ஏன் என்று விசாரித்து, விஷயம் தெரிந்த அன்றே கடைக்கு முன்னால் நின்று அவர் ஏசிய ஏச்சு துறைமுகம் வரை கேட்டிருக்கும். மற்றத் தாய்மார் சேர்ந்தார்கள். கப்பலில் சுமை இறக்குகிறவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் வந்தார்கள். நகரத்தின் வேறு பள்ளிகளிலும் இப்படிப் பின்னறைகள் இருப்பது தெரியவர, பெரிய பேரணியாக நகர மண்டபத்துக்குப் போவது என்று முடிவாயிற்று.

நுன்சியா என் அம்மாவையும் பேரணிக்கு வரச்சொல்லிக் கேட்டார். கேள்விப்பட்ட சிஞ்ஞோராவும் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்: "அந்தக் கூச்சலுக்குப் போகிறவர்கள் என் வீட்டுக்கு வரத் தேவையில்லை." பேரணி போகும் வழியோ அவருடைய பல்கனிக்கு நேர் கீழே.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் எல்லாரும் கூடினோம். கோயில் காரியங்களைப் பார்க்கிற பெரியவரை நாங்கள் "மூப்பர்" என்போம். அவர் இருமினார், கூரையைப் பார்த்தார். அம்மா எழுந்தார்.

"ஆர் வந்தாலும் வராட்டிலும் நான் போறன். எங்கடை பிள்ளையளுக்காக வேற ஆக்கள் நடக்கேக்கை நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கேலாது."

"இஞ்சேரும், வேலை போனால் என்ன செய்யிறது?" என்றார் அப்பா மெதுவாக.

"வேலை போகலாம், போகாமலும் விடலாம். பிள்ளை அந்த அறையிலை இருக்கிறது நிச்சயம்தானே?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். மூப்பர், "போறதெண்டால் ஒழுங்காப் போகவேணும்" என்று முடித்து வைத்தார்.

ஒழுங்கு என்று அவர் சொன்னதை எங்கள் ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் விளங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே ஊர்வலம் மாதா திருநாள் ஊர்வலம். ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை பெண்கள் பட்டுச் சேலையும் பூவுமாக, ஆண்கள் தோய்த்து அழுத்திய வெள்ளைச் சட்டையுமாக வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள், கூட்டம் முழுவதுக்கும் பின்னால் போய், ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, நடுவில் பிள்ளைகள் என்று நின்றார்கள். போதாததற்கு, முன்னால் போகிற கூட்டத்துக்கும் தங்களுக்கும் இடையில், மாதாவின் சுருவத்துக்கு, அந்தத் திருச்சிலைக்கு, விடுகிற இடைவெளியையும் யாரும் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். எங்களைப் பிரிக்காதே என்று கேட்கப் போன கூட்டம் தன்னைத்தானே வடிவாகப் பிரித்துக்கொண்டு நின்றது! இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

முன்னாலிருந்து நுன்சியா ஓடிவந்தார். இடைவெளியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், இடுப்பில் கைவைத்தார். "கடவுளே, உங்களையும் நானா கலைக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, அம்மாவின் கையைத் தன் கைக்குள் கோத்து இழுத்துக்கொண்டு முன்னுக்கு நடந்தார். சந்தைப் பெண்கள் வந்து எங்கள் அன்ரிமாரை ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மீன்காரர் மூப்பரின் தோளில் கைபோட்டார். மூப்பர் கொஞ்சம் நெளிந்தார், ஆனால் கையைத் தட்டிவிடவில்லை. ஜூசி என்னைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

கோஷம் போட எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. நுன்சியா ஒலிபெருக்கியை வாங்கி, பின்னறைப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "சோப்ரா!" என்று கத்த வேண்டும், மேலே, மேல்மாடிக்கு என்று அர்த்தம். ஒருவர் பெயர் சொல்ல, எல்லாரும் ஒரே பதில் சொல்வது எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த காரியம். புனிதர்களின் பிரார்த்தனை மாலையை நினைத்துக்கொண்டார்கள் போலும், கத்தாமல், அதே ராகத்தில் இழுத்து "சோப்ரா" என்று பாடினார்கள். பலேர்மோக்காரர்களும் திருநாளும் ஊர்வலமுமாக வளர்ந்தவர்கள்தானே. சிரித்தபடியே ராகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் வீதி முழுக்க அந்த ராகம். மாணவர்களின் மேளம்கூட அதற்கு அடங்கித்தான் அடித்தது.

சிஞ்ஞோராவின் வீட்டடிக்கு வந்தபோது அவர் பல்கனியில் நின்றார். அம்மா கண்டார். ஜூசியின் தோளில் கைபோட்டு நடந்துகொண்டிருந்த எனக்கு, அம்மா இப்போது தலையைக் குனிந்துவிடுவார் என்று தோன்றியது. வழக்கமாக அந்த வீட்டுப் படியில் ஏறும்போதே அவர் குனிந்துதான் ஏறுவார். நுன்சியா அந்த நேரம் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார். அம்மா நிமிர்ந்து, பல்கனியைப் பார்த்தபடியே, எல்லாரையும்விடச் சத்தமாக "சோப்ரா" என்று பாடினார். சிஞ்ஞோரா உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினார்.

அம்மாவின் வேலை அந்தத் திங்கட்கிழமை போய்விட்டது. வீட்டில் பயம் சூழ்ந்த அந்த வாரம் முடிவதற்குள், நுன்சியா என் அம்மாவைத் தன் கடையில் வேலைக்கு முறைப்படி பதிந்துகொண்டார். அந்தப் பதிவைக் காட்டித்தான் எங்கள் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்பட்டது. அதற்கு நன்றி சொல்லப் போன அப்பாவிடம், "எனக்கு ஆள் தேவை, நன்றி எதற்கு?" என்று கோபித்துக்கொண்டு ஒரு பை போஞ்சியைத் திணித்து அனுப்பினார். கிறிஸ்து பிறப்புக்கு விடுகிற நத்தார் விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது பின்னறை பூட்டிக் கிடந்தது. நான் மேல்மாடியில், ஜன்னலோரத்தில், ஜூசிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி திருத்துகிறார்கள். நுன்சியா போன குளிர்காலத்தில் காலமானார். அன்று சேலையோடு நடந்த குடும்பங்களில் பாதி லண்டனுக்குப் போய்விட்டன. பின்னறையை இடித்து, ஆசிரியர்கள் ஸ்கூட்டர் நிறுத்த இடமாக்கிவிட்டார்கள். மறைந்துபோனவற்றில் நான் துக்கப்படாதது அந்த அறை ஒன்றுக்குத்தான். மற்ற எல்லாவற்றுக்கும், எல்லாருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள்.

ஜூசி கப்பலில் ஓர் இரவுப் பயணத் தூரத்தில், ஜெனோவாவில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுவோம், பெரும்பாலும் சண்டைதான். போன ஞாயிறும் அந்த ராகம் அவர்களுடையதா எங்களுடையதா என்று பிடிபிடியென்று பிடித்தோம். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"போனிலை என்ன சண்டை? அவளை இஞ்சை வரச்சொல்லு. நீங்கள் ரெண்டுபேரும் பக்கத்திலை இருந்து சண்டை பிடிக்கத்தானே அண்டைக்கு நாங்கள் அவ்வளவு பேரும் நடந்தனாங்கள்!"