பாலத்தில் ஏறும் முள்

அம்மாவின் காருக்கு, எங்கள் பேச்சில் காடிக்கு, விசித்திரமான ஒரு கோளாறு இருந்தது. தீவில் நாங்கள் இருக்கும் டத்தோ கிராமாட்டில் பள்ளிக்கூடம் விடும் நேரத்து ஜாமில் அரை மணி நேரம் ஊர்ந்தாலும் ஒன்றும் ஆகாது. சூட்டைக் காட்டும் முள் பாதிக்குக் கீழேயே படுத்திருக்கும். கடலைத் தாண்டும் பாலத்தில் ஏறி வேகம் பிடித்ததும்தான் அது எழும். மறுகரையில் பிறைப் பக்கம் இறங்குவதற்குள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். காற்றே இல்லாத ஜாமில் ஆறிக் கிடக்கும் எஞ்சின், கடல்காற்று முகத்தில் அடிக்கும்போது ஏன் கொதிக்க வேண்டும்? அம்மாவுக்கு அது கவலை. எனக்கு, உண்மையைச் சொன்னால், கவலையைவிட ஆர்வம்தான் அதிகம்.

அம்மா பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நாற்பத்தாறு வயதில், இரண்டு முறை தோற்று மூன்றாம் முறையில் லைசன்ஸ் எடுத்தார். பழைய காடி ஒன்றை வாங்கி, உடன் வேலை செய்யும் மூன்று அக்காமார்களையும் ஏற்றிக்கொண்டு தினமும் பாலம் கடந்தார். முள் ஏறத் தொடங்கிய பிறகு பாலத்தில் எஞ்சினுக்குப் பாரம் குறைய, குளிர்காற்று தரும் ஏர்கோனை அடைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்கிவிடுவார். பின்னால் இருக்கும் அக்காமார்கள் பூசிய பவுடரெல்லாம் வழிகிறது என்று புலம்புவார்கள். ஒருநாள் காலை பாலத்தின் ஓரத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. நால்வருக்கும் வேலைக்குத் தாமதம். நால்வருக்கும் எச்சரிக்கைக் கடிதம். இந்த மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் தொழிற்சாலை பஸ்தான் என்று அக்காமார்கள் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, காடியை வாங்க ஆளே பிடித்துவிட்டார்.

"வித்துத் தள்ளுக்கா. பஸ்ல தூங்கிக்கிட்டே போலாம்லா. உனக்கு இந்த வயசுல எதுக்கு ஸ்டீரிங்கு?"

அம்மா சாவியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். பஸ்ஸில் போவது அவருக்குப் புதிதில்லை. இருபது வருடம் அப்படித்தான் போனார். திரும்பவும் அங்கே போய் உட்காருவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்தது வேதியியல். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாததை எப்படித் தெரிந்துகொள்வது என்பது எனக்குத் தெரியும் என்ற பெருமை உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அம்மாவின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். எந்த இடத்தில் முள் எங்கே நின்றது, என்ன வேகம், ஏர்கோன் ஓடியதா இல்லையா என்று இரண்டு நாள் குறித்தேன். இணையத்தில் தேடினால் எல்லோரும் முதலில் காடியின் ஹீட்டரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. எங்கள் காடியில் ஏது ஹீட்டர்!

வேகத்தில் மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். என் குறிப்புகளும் அதையே சொல்வதாக எனக்குப் பட்டது. "ரேடியேட்டர்தான், சந்தேகமே இல்லை" என்று அறிவித்தேன். எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக், நாங்கள் போமேன் என்று கூப்பிடும் அண்ணன், புது ரேடியேட்டர் மாட்டினார். மறுநாள் பாலத்தில் முள் அதே இடத்தில் எழுந்தது.

மாமாவுக்குக் கொண்டாட்டம். "காடிக்கும் டிகிரி வேணும்போல. அடுத்து என்ன மாத்தப் போற, பாலத்தையா?"

எனக்குக் காது சுட்டது. ஆனால் சிரிப்பும் வந்தது; நல்ல கேள்விதான். அன்று சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தை மேசையில் விரித்து, முதல் வரியிலிருந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கையில் கோப்பியோடு கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"சூடான கதை மட்டும்தான் எழுதியிருக்க. சூடாகாத கதைய எழுதலயே?"

"அதென்னம்மா?"

"காலையில முள்ளு எழும்பவே மாட்டேங்குது. பசார் தாண்டியும் அடியிலதான் கெடக்கும். லைசன்ஸுக்கு ஓட்டிப் பழகின காடியில வீட்ட விட்டு ரெண்டு முனை திரும்புறதுக்குள்ள நடுவுல வந்து நிக்கும்."

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையே. மாமாகிட்ட சொன்னேன். குளுமையா இருந்தா நல்லதுதானக்கா, விடுன்னான்."

காலையில் சூடாகவே மறுக்கும் எஞ்சின், பாலத்தில் ஆறவே மறுக்கிறது. இரண்டும் ஒரே கோளாறாக இருக்க முடியுமா? அன்றிரவு அந்த இரண்டையும் சேர்த்துத் தேடினேன். திரும்பத் திரும்ப ஒரே சொல் வந்தது: தெர்மோஸ்டாட், எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்னப் பாகம். சனிக்கிழமை காலை அம்மாவோடு பட்டறையில் போய்க் கேட்டதும் போமேன் அண்ணன் தலையைச் சொறிந்தார். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய மூடியைக் கழற்றினார். உள்ளே வெறும் குழி.

"யாரோ எடுத்துட்டாங்க" என்றார். "நானே நெறைய பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கேன், தங்கச்சி. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குன்னு."

அம்மா அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் போட்டார். காடி வாங்கிய புதிதில் அதை சர்வீசுக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

"ஆமா, நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் மாமா, கொஞ்சமும் தயங்காமல். "ஹீட்டர் இல்லாத ஊருல தெர்மோஸ்டாட் எதுக்குக்கா? பாதிப் பேரு காடியில கெடையாதுலா."

புதியது ஒன்றை வாங்கினோம். மாட்டுவதற்கு முன் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோகவா என்று கேட்டேன்.

"சூப்பு வைக்கப் போறியா?" என்றார் போமேன் அண்ணன்.

ஏறக்குறைய அதைத்தான் செய்தேன். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டிச் சட்டியில் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பை மூட்டினேன். உள்ளங்கையில் அடங்கும் பித்தளை வட்டம். வெகுநேரம் அசையவில்லை. சட்டியின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பியபோது வட்டத்தின் நடு மெல்லப் பிரிந்தது.

"ஐயோ, வாயத் தொறக்குது பாரு!" அம்மா சட்டிக்குள் குனிந்தார். "அது சரி, அடியிலயும் ஒரு தட்டு எறங்குதே. அது என்ன செய்யும்?"

அந்தக் கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது. எஞ்சினைச் சுற்றி வரும் தண்ணீருக்கு இரண்டு வழிகள். ஒன்று ரேடியேட்டருக்குப் போய் ஆறி வருவது. மற்றது ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும் குறுக்குவழி. சூடேறும்போது மேல்வாய் ரேடியேட்டருக்குத் திறக்கிறது. அடித்தட்டு குறுக்குவழியை அடைக்கிறது. தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். அதனால் காலையில் சூடு சேராது. பாலத்தில் எஞ்சின் முழு மூச்சில் உழைக்கும்போது, கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பி வரும். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். அம்மா விரலால் அந்தக் குறுக்குவழியைத் தடவிப் பார்த்தார்.

"நான் மாத்துன ரேடியேட்டர் தண்டம்தான்மா" என்றேன். அதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

"தெரியுது" என்றார் அம்மா. அடுப்பை அணைத்துவிட்டு, தெர்மோஸ்டாட் மறுபடி வாய் மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறு காலை போமேன் அண்ணன் அதை மாட்டினார். அம்மா ஓட்ட, நான் பக்கத்தில். தெருமுனை தாண்டியதும் முள் எழுந்து நடுவில் நின்றது. பாலத்தில் அம்மா ஏர்கோனை அடைக்கவில்லை. முள் அசையவில்லை. மறுகரையில் இறங்கி நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினோம். கெப்பாலா பத்தாஸ் போய்த் திரும்புவதாகத்தான் பேச்சு. வேகம் நூறு. பிறகு நூற்றுப் பத்து. முள் அதே இடத்தில் இருந்தது. கெப்பாலா பத்தாஸ் பலகை வந்தது. அம்மா சிக்னல் போடவில்லை.

"அம்மா, எக்ஸிட் போயிடுச்சு."

"தெரியும்லா. அடுத்ததுல திரும்பிக்கலாம்." கண் சாலையிலேயே இருந்தது. "மாமாவுக்குப் போன் போடு. வாங்குற ஆள வர வேணாம்னு சொல்லச் சொல்லு. கையோட அந்த மூணு பேருக்கும் மெசேஜ் போடு. நாளைக்கு அஞ்சே முக்காலுக்கெல்லாம் கீழ எறங்கி நிக்கணும், லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிடுவேன்னு."